பரோட்டா தின்ற வாயும் ஒரு முத்தமும்

சீலியாக் நோய் உறுதியானதும் மருத்துவர் ஒரு பட்டியல் தருவார். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி, மால்ட் கலந்த பானங்கள் எதையும் இனி வாழ்நாள் முழுதும் தொடக்கூடாது என்பார். பக்கத்தில் படுப்பவர் இவை அத்தனையையும் தாராளமாகச் சாப்பிடுகிறவராக இருந்தால் என்ன செய்வது என்பதற்கு அந்தப் பட்டியலில் விடை இருக்காது. நாமும் கேட்க மாட்டோம். நம் ஊரில் நோயாளியோடு அம்மாவும் மாமியாரும் சேர்ந்தேதான் மருத்துவரின் அறைக்குள் நுழைகிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டு “டாக்டர், முத்தம் கொடுக்கலாமா?” என்று எந்தப் பெண் கேட்பாள்? ஆண் மட்டும் கேட்டுவிடுவானா?

கேட்காமல் விட்டால் பயம் போய்விடாது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், சீலியாக் உள்ளவர்களில் சுமார் 39 சதவீதம் பேர் நோயை நினைத்து முத்தமிடவே தயங்குவதாகச் சொல்லியிருந்தார்கள். பத்துக்கு நாலு பேர். ஊர் பேர் தெரியாதவர்கள் தந்த கேள்வித்தாளில், அதுவும் வெளிப்படையாகப் பேசிப் பழகிய நாட்டிலேயே இத்தனை பேர் என்றால், நம் வீடுகளில் விளக்கை அணைத்தபின் எத்தனை பேர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களோ!

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முத்தமிடலாம். உடலுறவுக்குத் தடையே இல்லை. சாப்பிட்டவர் வாயைத் தண்ணீரால் சுத்தம் செய்துகொண்டு வந்தால் போதும். ஏன் அது போதும் என்று புரிந்துகொண்டால்தான் பயம் விலகும். ஆகவே கொஞ்சம் கணக்குப் பார்த்துவிடுவோம்.

விழுங்கினால்தான் வினை

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம் குளூட்டன். சீலியாக் உள்ளவர் அதை விழுங்கும்போது, கிருமியோடு போராட வேண்டிய எதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. சத்தை உறிஞ்சுவதற்காகக் குடலின் உட்சுவரில் இருக்கும் நுண்விரல்கள் மழுங்கிப்போகின்றன. இரும்புச்சத்தும் கால்சியமும் ஃபோலிக் அமிலமும் உடம்பில் சேருவதில்லை. இவ்வளவும் குளூட்டன் குடலுக்குள் போனால்தான் நடக்கும். தோலில் பட்டாலோ, கையில் ஒட்டினாலோ, அது வாய்க்குள் போகாதவரை ஒன்றும் செய்யாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வீட்டில் எல்லாரிடமும் “இவளுக்குக் கோதுமை அலர்ஜி” என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அலர்ஜி வேறு, சீலியாக் வேறு. வேர்க்கடலை அலர்ஜி கடுமையாக உள்ளவருக்கு, கடலை தின்ற துணையின் முத்தமே சில நிமிடங்களில் மூச்சுத்திணறலைக் கொண்டுவந்துவிடலாம். சீலியாக்கில் அப்படித் தொண்டை அடைக்காது. அதன் சேதம் மெதுவானது, அளவைப் பொறுத்தது, திரும்பத் திரும்ப உள்ளே போவதால் வருவது. உங்களுக்கு மருத்துவர் சொன்னது உண்மையிலேயே கோதுமை அலர்ஜி என்றால் இந்த அத்தியாயம் உங்களுக்கானது அல்ல. அதற்கான விதிகள் இதைவிடக் கடுமையானவை.

எவ்வளவு போனால் சேதம்? இத்தாலிய மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை 90 நாள் தொடர்ந்து உட்கொண்டவர்களின் குடலில் பாதிப்பு தெரிந்தது. நாளுக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலோருக்குக் குடலில் சேதம் வருவதில்லை என்பதே இன்றைய மருத்துவக் கருத்து. கடைப் பொட்டலத்தில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதே அளவுதான்.

இனி முத்தத்துக்கு வருவோம். 2025 மே மாதம் சான் டியேகோவில் நடந்த செரிமான மருத்துவர்களின் பெரிய மாநாட்டில், அதே கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் இதை நேரடியாகவே சோதித்துச் சொன்னார்கள். பத்து ஜோடிகள், ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்குச் சீலியாக். நோயில்லாதவர் கோதுமை உப்பு பிஸ்கட் பத்து தின்றார். ஒரு தடவை ஐந்து நிமிடம் காத்திருந்து முத்தமிட்டார். இன்னொரு தடவை சுமார் 120 மில்லி தண்ணீர் குடித்துவிட்டு முத்தமிட்டார். பிறகு சீலியாக் உள்ளவரின் உமிழ்நீரைச் சோதித்தார்கள். தண்ணீர் குடித்த தடவையில் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் அளவு அந்த 20க்குக் கீழேதான் இருந்தது. வெறுமனே காத்திருந்த தடவையில் அளவு தாண்டியது இரண்டு பேருக்கு மட்டும். பத்து ஜோடி என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் அது காட்டும் திசை தெளிவாக இருக்கிறது. 120 மில்லி என்பது நம் வீட்டுக் காபி டம்ளரில் ஒன்று.

அந்த 20 என்ற எல்லையிலேயே உமிழ்நீர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மில்லியில் இருப்பது 0.02 மில்லிகிராம் குளூட்டன். பத்து மில்லிகிராம் சேர வேண்டுமானால் அரை லிட்டர் உமிழ்நீரை விழுங்க வேண்டும். எவ்வளவு காதலித்தாலும் நடக்காத காரியம்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது, ஆனால் உமிழ்நீரில் இல்லை, பல்லிடுக்கில் மாட்டிய துணுக்கில். பரோட்டாவின் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு குளூட்டன். இரண்டு மூன்று சோற்றுப் பருக்கை அளவுக்குப் பரோட்டாத் துணுக்கு ஒன்று கடைவாயில் தங்கியிருந்தால் அதிலேயே ஐந்து மில்லிகிராம் வரை இருக்கலாம். நாளின் எல்லையில் பாதி. ஆகவே நாம் செய்ய வேண்டிய வேலை துணுக்கை அகற்றுவது மட்டும்தான்.

வாய் கொப்பளிக்கிற கதை

சாப்பிட்டு எழுந்ததும் கை கழுவி வாய் கொப்பளிப்பது நம் தாத்தா பாட்டி காலத்துப் பழக்கம். அலுவலகமும் டிஷ்யூ பேப்பரும் வந்தபின் அதைப் பாதி விட்டுவிட்டோம். சீலியாக் உள்ள வீட்டில் அதை முழுதாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். தண்ணீரை வாயில் நிறைத்து, கன்னம் இரண்டும் உப்ப அலசி, இரண்டு மூன்று முறை துப்ப வேண்டும். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். ரொட்டி, பிஸ்கட், கேக் மாதிரி பல்லில் அப்பிக்கொள்ளும் பண்டம் என்றால் பல்லிடுக்கை நூலாலோ குச்சியாலோ சுத்தம் செய்துவிட்டுக் கொப்பளிப்பது நல்லது. பல் தேய்த்தால் இன்னும் நல்லது, கட்டாயமில்லை. டூத் பிரஷ் மட்டும் ஆளுக்கொன்றாகவே இருக்கட்டும். அதைப் புத்தகம் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை.

மவுத்வாஷ் ஊற்றினால் எல்லாம் போய்விடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அது கிருமியைக் கொல்லும். குளூட்டன் கிருமி அல்ல, புரதம். சாராயமோ சானிடைசரோ அதை ஒன்றும் செய்யாது. சூடு காட்டினாலும் போகாது. தண்ணீர் அதைக் கரைப்பதும் இல்லை, அடித்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும்.

மீசை தாடி வைத்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை. ரஸ்க் தூளும் கேக் துகளும் பீர் நுரையும் மீசையில் தங்கும். பீர் பார்லியில் செய்வது என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். முகத்தையும் கழுவிவிட்டு வாருங்கள். உதட்டுச் சாயம், உதட்டுக் களிம்பு ஆகியவற்றில் சிலவற்றில் கோதுமை முளை எண்ணெயோ கோதுமைப் புரதமோ சேர்க்கிறார்கள். உதட்டில் போகிற அளவு மிகக் குறைவுதான். இருந்தாலும் சிட்டையில் கோதுமை என்று கண்டால் அடுத்த முறை வேறு வாங்கிக்கொள்ளலாம். கையில் இருப்பதைக் குப்பையில் எறிய வேண்டிய அவசரம் இல்லை.

இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்பதுதான் கஷ்டம். ஆசையோடு கிட்டே வருகிறவரைத் தள்ளி நிறுத்தி “என்ன சாப்பிட்டீங்க?” என்று விசாரித்தால் அந்த இரவு அங்கேயே முடிந்தது. ஆகவே விசாரணையைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவுகிற நேரத்திலேயே பேச்சு நடந்துவிட வேண்டும்.

“இன்னிக்கு எங்க சாப்பாடு?”

“பாய் கடைல பரோட்டா.”

“சரி, வாயக் கொப்பளிச்சிட்டு வாங்க.”

முடிந்தது. தினமும் நடந்தால் ஒரு மாதத்தில் அவரே கேட்காமல் கொப்பளித்துவிட்டு வருவார். மெனக்கெட்டு நினைவூட்டும் வரைதான் அது உறுத்தும்.

படுக்கையில்

முத்தத்தைத் தாண்டியவற்றுக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. தோலோடு தோல் படுவதால் குளூட்டன் உள்ளே போகாது. சீலியாக் உள்ள சிலருக்கு முழங்கையிலும் முட்டியிலும் பிட்டத்திலும் அரிக்கும் கொப்புளங்கள் வரும். துணை மாவு பிசைந்த கையால் தொட்டதால்தான் வந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தத் தோல் நோயும் சாப்பிட்டதால் வருவதுதான், தொட்டதால் அல்ல. அது தொற்றுவதும் இல்லை. துணை விலகிப் படுக்க வேண்டாம்.

உடலுறவால் குளூட்டன் போய்ச் சேரும் என்று பயப்படத் தேவையில்லை. ஆணுறையும் வழுக்குக் களிம்பும் பயன்படுத்தலாம். வாய்க்கு வேலை இருக்கிற இடங்களில் மட்டும் ஒரு கவனம் போதும்: உங்கள் வாய் படும் இடத்தில் என்ன பூசியிருக்கிறது என்று பாருங்கள். சுவையூட்டிய களிம்புகள், சாக்லேட் பூச்சுகள், கோதுமை முளை எண்ணெய் சேர்த்த உடல் லோஷன் ஆகியவற்றின் சிட்டையை உணவுப் பொட்டலத்தைப் படிப்பது போலவே படிக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் தேங்காய் எண்ணெய் உண்டு; ஆனால் லேடெக்ஸ் ஆணுறையோடு எந்த எண்ணெயையும் சேர்க்கக்கூடாது, கிழிந்துவிடும். சமையலறையில் சப்பாத்தி தேய்த்துவிட்டு நேரே வருகிறவர் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வரட்டும். படுக்கையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்பதை இரண்டு பேருமே விட்டுவிடலாம்.

உண்மையில் சீலியாக் ஒரு தம்பதியின் நெருக்கத்தைக் கெடுப்பது குளூட்டன் கடத்துவதால் அல்ல, உடம்பைச் சோர வைப்பதால்தான். ரத்தசோகை, தூக்கமின்மை, மனச்சோர்வு, ஊதிப்போன வயிறு எல்லாம் சேர்ந்தால் யாருக்கு ஆசை வரும்? இத்தாலியில் 1998இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, சிகிச்சை தொடங்காத சீலியாக் நோயாளிகளிடம் தாம்பத்தியம் குறைவாகவும் திருப்தியற்றும் இருந்ததையும், குளூட்டன் இல்லாத உணவுக்கு மாறி ஓராண்டு ஆனபின் அது மேம்பட்டதையும் பதிவுசெய்தது. இதைத் துணைக்குப் படித்துக் காட்டுங்கள். ‘என் மேல் ஆசையில்லை’ என்று ஒருவர் மனத்துக்குள் புழுங்குவதற்கு முன்னால், ஆசை இல்லாமல் போனதற்கு ஹீமோகுளோபின் காரணமாக இருக்கலாம் என்பது தெரிய வேண்டும்.

எங்கேயோ கல்யாண வீட்டில் தெரியாமல் குளூட்டன் உள்ளே போய்விட்ட நாட்களுக்கு ஒரு தனி ஏற்பாடு வேண்டும். வயிற்றுப்போக்கு, வாயு, வலி என்று அந்த இரவு போய்விடும். காரணத்தை விளக்கிக்கொண்டிருக்கவும் தெம்பிருக்காது. “இன்னிக்கு வயிறு சரியில்ல” என்று சொன்னால் அது மறுப்பல்ல, உடல்நிலைச் செய்தி என்பது இருவருக்கும் முன்கூட்டியே புரிந்திருக்க வேண்டும். அன்றைக்குச் சுடுநீர்ப் பையும் முதுகில் ஒரு கையும் போதுமான நெருக்கம்.

துணையின் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சீலியாக் உள்ளவர்களின் துணைகளை மட்டும் விசாரித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2016இல் வந்தது. அவர்களில் 37 சதவீதம் பேர் லேசான அல்லது மிதமான சுமையை உணர்வதாகச் சொன்னார்கள். ‘நான் தொட்டாலே விஷம் போலப் பார்க்கிறாள்’ என்கிற எண்ணம் அந்தச் சுமையில் ஒரு பங்கு. நோயாளிக்கு மட்டும்தான் கஷ்டம் என்று நினைத்து நடந்துகொள்ளும் வீடுகளில் துணை மெல்ல விலகிப்போவதில் ஆச்சரியமில்லை.

சமையலறைதான் சண்டைக்களம்

முத்தத்துக்குப் பயந்து நடுங்குகிற வீட்டிலேயே, சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை வார்த்துக் கொடுப்பார்கள். இந்த வேடிக்கையைச் சொல்லத்தான் இந்த அத்தியாயத்தையே எழுத நினைத்தேன்.

சப்பாத்திக் கட்டையும் பலகையும் மரத்தாலானவை. விரிசலில் மாவு தங்கும். தோசைக்கல் தனியாக வேண்டும். மாவு சல்லடை தனியாக வேண்டும். பெருங்காயத்தை மறந்துவிடாதீர்கள்: கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம், அதில் மைதாவோ அரிசி மாவோ சேர்த்திருப்பார்கள். சிட்டையைப் பார்த்து அரிசி மாவு சேர்த்ததை வாங்க வேண்டும். ‘நான் சோறும் சாம்பாரும்தான் சாப்பிடுகிறேன், கோதுமையே தொடுவதில்லை’ என்பவருக்கும் வயிறு சரியாகாமல் இருக்க இது ஒரு காரணம். இன்னொன்று மாவு மில். கோதுமை அரைத்த கையோடு அடுத்தவர் பச்சரிசியைக் கொட்டி அரைத்துக் கொடுப்பார்கள். இயந்திரத்துக்குள் தங்கியிருந்த கோதுமை மாவு முழுதும் உங்கள் இடியாப்ப மாவோடு வந்துவிடும். வீட்டிலேயே மிக்சியில் அரையுங்கள். ஓட்டலில் ரவா தோசையும் சாதாத் தோசையும் ஒரே கல்லில்தான் வேகின்றன என்பதும் நினைவிருக்கட்டும்.

தம்பதிகளுக்கே உரிய சில ஆபத்துகளும் சமையலறையை ஒட்டித்தான் இருக்கின்றன. ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒருவர் கடித்ததை மற்றவர் கடிப்பது, ரொட்டி பிய்த்த கையால் சோறு ஊட்டுவது ஆகிய மூன்றும் முத்தத்தைவிடப் பல மடங்கு குளூட்டனைக் கொண்டுவரும். ஊட்டிவிட ஆசையிருந்தால் நோயாளியின் தட்டிலிருந்து, கழுவிய கையால் ஊட்டுங்கள். மால்ட் பானம் குடித்த டம்ளரைக் கழுவாமல் அதிலேயே காபி ஊற்றித் தராதீர்கள். தண்ணீர்ச் செம்பை அண்ணாந்து குடிக்கிற பழக்கம் உள்ள வீட்டுக்கு இதில் ஒரு கவலை குறைவு.

அப்படியானால் துணையும் குளூட்டனை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. வீட்டுக்குள் மைதா, கோதுமை மாவு புழங்காமல் இருந்தால் வேலை பாதி குறையும். அதற்கு மட்டும் சம்மதம் வாங்குங்கள். வெளியே போய் அவர் பரோட்டா சாப்பிடட்டும். ஆயுள் முழுதும் விரதம் இருக்கச் சொல்லி வாங்கும் சத்தியம் ஓரிரு வருடத்தில் திருட்டுத்தனமாக மாறும். ஒளித்துத் தின்றவர் வாய் கொப்பளிப்பதில்லை.

கல்யாணத்துக்கு முன்

வட இந்தியாவில் சுமார் நூற்றில் ஒருவருக்குச் சீலியாக் உண்டு. தென்னிந்தியாவில் ஆயிரத்தில் ஒருவர் என்று 2016இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆகவே பேசி முடிக்கிற சம்பந்தத்தில் எதிர்த்தரப்பு இந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்காது. மறைக்காதீர்கள், நீட்டி முழக்கவும் வேண்டாம். நிச்சயத்துக்கு முன், முடிந்தால் பெரியவர்கள் இல்லாத நேரத்தில், இவ்வளவு சொன்னால் போதும்: “எனக்குக் கோதுமை, மைதா சேராது. தொற்று நோய் இல்ல. மருந்து மாத்திரை இல்ல, சாப்பாடுதான் வைத்தியம். நீங்க சாப்பிடலாம், நான் சாப்பிட மாட்டேன்.”

குழந்தை பற்றிக் கேட்பார்கள். கண்டுபிடிக்காமல் விட்ட சீலியாக், கருத்தரிப்பதைத் தாமதப்படுத்தலாம், கருச்சிதைவுக்கும் வழிவைக்கலாம். உணவுக் கட்டுப்பாடு சரியாக இருந்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று. ஒரு ரத்தப் பரிசோதனையில் முதற்கட்டமாகத் தெரிந்துவிடும். பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் முடிவு தவறாக வரும் என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

கடைசியாக ஒன்று. உணவு மாற்றி ஓராண்டு கடந்தபின்னும் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு இறங்காமல் இருந்தால், உடனே துணையின் வாய்மேல் பழி போடாதீர்கள். முதலில் தோசைக்கல், பெருங்காய டப்பா, மாவு மில், ஓட்டல் சாப்பாடு என்ற வரிசையில் தேடுங்கள். பெரும்பாலும் அங்கேயே அகப்படும். அடுத்த முறை மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ பார்க்கப் போகும்போது துணையையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கேட்க நினைத்ததை அங்கேயே கேட்டுவிடுங்கள்.